நடுவில் நிறுத்த முடியாத ஆட்டம் எனக்கு வேண்டாம்

"இந்தக் காலத்தில் யார் தனியாக கேம் ஆடுகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், போன தை மாதத்து மதியம் ஒன்றுதான்.

மலை ஊரான நாகலூரில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. பறித்த காப்பியைக் களத்தில் காயப்போட்டுவிட்டு, சேலத்தில் இருக்கும் சித்தி மகன் வற்புறுத்தியதால் அவன் அணியில் சேர்ந்து போனில் ஆன்லைன் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். ஜெயிக்கப்போகிற நேரம், பக்கத்து வீட்டு அக்கா வெளியே கத்தினார்.

"கண்ணு, தூறல் போடுது! காப்பி நனையுது, ஓடியா!"

போனைப் போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் மலையில் யார் களம் நனைந்தாலும் பார்த்தவர்கள் சும்மா போகமாட்டார்கள். நான் போவதற்குள் அக்கா பாதியைக் குவித்திருந்தார். இருவருமாகத் தார்ப்பாயை இழுத்து மூடினோம்.

திரும்பி வந்தால் அணி தோற்றிருந்தது.

"ஏனுங்கக்கா, பாதியில உட்டுட்டுப் போனா எப்படிங்க? இப்படி ஆளு எங்களுக்கு வேண்டாமுங்க" என்றான் தம்பி போனில்.

"எனக்கும் வேண்டாம் சாமி. இங்க ஒரு வருசத்துக் காப்பி நனையுது" என்று சொல்லி, அந்த கேமையே போனிலிருந்து அழித்தேன்.

அன்றிலிருந்து தனி ஆட்டம்தான். 'யாரோடும் சேராதவள்' என்கிறான் தம்பி. நானா சேராதவள்? அடுத்த வாரம் அக்காவின் களத்தில் தூறல் விழுந்தபோது, கேமை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு முதலில் ஓடியது நான்தான். என் கேமின் நாயகி பாலத்தின் நடுவே ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். காப்பியை மூடி, கைகால் கழுவி, அக்கா கொடுத்த காப்பியையும் ஆற அமரக் குடித்துவிட்டு வந்தேன். தூக்கிய காலோடு அப்படியே நின்றிருந்தாள்.

எங்கே போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.