செவ்வாய்க்கிழமை வகுப்பின் வாசலில் நின்றவர்

பிசியோதெரபி கல்லூரியில் இருபது வருடமாகப் பாடம் நடத்தும் டீச்சருக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. வீட்டில் பிஸ்கட் குறைந்தால் முதலில் கணவரின் மீசையைத்தான் பார்ப்பார்.

இந்த முறை காரணம் இருந்தது. புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கட்டுப்படாமல் தவிக்கும் ஆண்களுக்கு இடுப்படித் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது எப்படி என்று, முட்டிமோதி மாணவர்களுக்கு ஒரு வகுப்பைத் தொடங்கியிருந்தார். முதல் மாதமே பேர் போடாத ஒரு புகார்: ‘ஒரு பெண் நடத்துகிற பாடமா இது?’ முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார், “இன்னொரு லெட்டர் வந்தா வகுப்ப நிறுத்திடுவேன்.”

எழுதியவர் ஹெட் கிளார்க்தான் என்று டீச்சர் முடிவுகட்டிவிட்டார். ஒரு மாத லீவில் போய் வந்ததிலிருந்தே மனுஷன் சரியில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கினால் போதும், கையில் ஃபைலோடு கதவுக்கு வெளியே ஆஜர். மேசையில் வைக்கும் பயிற்சித் தாளிலும் வாரம் ஒன்று குறைந்தது. ஆதாரம் சேர்க்கிறான் பாவி! இந்த வகுப்பு போய்விட்டால், வெட்கத்தில் வாய் திறக்காத ஆண்களிடம் இந்தப் பிள்ளைகள் நாளைக்கு எதைக் கேட்பார்கள்?

“உள்ளுக்குள்ள மெதுவா மேல தூக்குங்க. மூச்சு ஓடிக்கிட்டே இருக்கணும். ஒண்ணு, ரெண்டு...” அன்று எண்ணிக்கொண்டே பூனை மாதிரி நடந்துபோய்ச் சட்டென்று கதவைத் திறந்தார். நாக்கு நுனியில் வசவு தயாராக இருந்தது.

வெளியே கிளார்க், தோள் இரண்டும் காதைத் தொட, கன்னம் உப்பி, முகம் சிவந்து நின்றிருந்தார். மூச்சு விடவில்லை. முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்த அதே தப்பு.

டீச்சர் கதவைப் பின்னால் சாத்தினார். “லீவு போட்டது ஆபரேஷனுக்கா சார்?”

அவர் தலையாட்டிவிட்டு ஃபைலைத் திறந்தார். காணாமல்போன தாள்கள் எல்லாம் உள்ளே இருந்தன. “அந்தப் புகார எழுதினது நான்தான் மேடம். அப்ப எனக்கு இந்தக் கஷ்டம் வரல.”

அப்படியானால் சந்தேகம் சரிதான்! ஓர் அறை விடலாம் போலிருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

“இன்னொரு லெட்டர் எழுதுங்க. இந்தத் தடவை பேர் போட்டு.”

கிளார்க்குக்கு மறுபடி மூச்சு நின்றது.

“முதல்ல தோள எறக்குங்க சார். மூச்ச விடுங்க.”

அடுத்த செவ்வாய் முதல்வரின் மேசையில் கிளார்க்கின் லெட்டர் இருந்தது. வகுப்பு வேண்டும் என்று எழுதி, பேர், பதவி, ஆபரேஷன் நடந்த தேதி எல்லாம் போட்டிருந்தார். டீச்சர் அவருடைய கையெழுத்தை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார்.