அறுநூறு இணைப்புகள்

அச்சகத்தில் அவளுக்குப் பிழை பார்க்கும் வேலை. அழைப்பிதழோ, இரங்கல் அறிவிப்போ, கடை விளம்பரமோ, அவள் கண்ணில் படாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. பக்கத்து மேசையில் வடிவமைப்பு செய்பவனை எல்லோரும் ஒல்லி என்பார்கள். அவளோடு உரிமையாகப் பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

அவளுடைய தம்பி லாரி ஓட்டியவன். விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு தன் பெயர் மட்டும்தான் அவன் நினைவில் தங்கியது. வீடு எங்கே என்று கேட்டால் சிரிப்பான். ஒரு காலையில் முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. காவல் நிலையம், சுவரொட்டி என்று ஆறு மாதம் அலைந்து ஓய்ந்தபோது, ஒல்லிதான் அவளுக்கு ஓர் இணையதளம் போட்டுக் கொடுத்தான். தம்பியின் பெயர், படம், இடது புருவத்துக்கு மேல் இருந்த தழும்பு, அவளுடைய தொலைபேசி எண்.

"எங்கயாவது யாராவது அவர் பேரைப் போட்டுத் தேடினா, இது கண்ணுல படணும்க்கா. அவ்வளவுதான்."

கண்ணில் படவில்லை. அதே பெயரில் ஒரு பல் மருத்துவரும் ஒரு தரையோட்டுக் கடையும் முன்னால் நின்றார்கள். தம்பி தேடல் முடிவுகளின் எட்டாவது பக்கத்தில் கிடந்தான்.

"புது சைட்டு இல்லையா. குடி வந்த அன்னைக்கே உங்களை யார் நம்புவா? தெருவுல நாலு பேர் 'நமக்குத் தெரிஞ்சவங்கதான்'னு சொல்லணும். மத்த சைட்டுங்க உங்க பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுத்தா, அது அப்படிச் சொன்ன மாதிரி. பேக்லிங்க்."

"கேட்டா கொடுப்பாங்களா?"

"நூறு பேரைக் கேட்டா ஒருத்தர் கொடுப்பாங்க. அதுக்கு அவ்வளவு மெனக்கெடணுமான்னு நீங்கதான் யோசிக்கணும்."

அவள் யோசிக்கவில்லை. காப்பகங்கள், மருத்துவமனைகள், ஓட்டுநர் சங்கங்கள் என்று தேடித்தேடி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். கை சும்மா இருக்குமா? அவர்களுடைய பக்கங்களில் இருந்த எழுத்துப் பிழைகளையும் கடைசியில் குறித்து அனுப்பினாள்.

ஒல்லி தலையில் அடித்துக்கொண்டான். "பொண்ணு கேட்டுப் போன இடத்துல, வீட்டுல ஒட்டடை இருக்குன்னு சொல்லுவீங்களா?"

ஆனால் முதல் இணைப்பு அப்படித்தான் கிடைத்தது. ஒரு காப்பகத்து அம்மாள் பிழைகளைத் திருத்திவிட்டு, நன்றி சொல்லி, தம்பியின் பக்கத்துக்கும் ஓர் இணைப்புப் போட்டாள். மூன்று மாதத்தில் நூற்று நாற்பது கடிதம்; இரண்டே இணைப்பு. தம்பி எட்டாவது பக்கத்திலிருந்து ஐந்தாவது பக்கத்துக்கு வந்திருந்தான்.

வீட்டில் அம்மாவுக்கு அதெல்லாம் புரியாது. இவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள். "யாராச்சும் போன் பண்ணாங்களாடி?" இல்லை என்று தினமும் சொல்லிச்சொல்லி இவளுக்கு நாக்கு மரத்துவிட்டது. அந்த நாட்களில்தான் ஒரு விளம்பரம் வந்தது: ஒரே வாரத்தில் அறுநூறு இணைப்புகள்.

"வேணாம்க்கா," என்றான் ஒல்லி. "இது காசு கொடுத்துச் சாட்சி பிடிக்கிற வேலை. மாட்டினா இருக்கிற பேரும் போயிடும்."

"உனக்கென்னடா, காணாமப் போனது உன் தம்பியா?"

அவள் பணம் கட்டினாள்.

பத்தே நாளில் தம்பி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டான். அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த மாதம் ஒரு காலையில் தேடினால், எட்டாவது பக்கத்திலும் இல்லை, எண்பதாவது பக்கத்திலும் இல்லை. சூதாட்டத் தளங்கள், முடி வளரும் தைலம், போலிக் கைக்கடிகாரம் எல்லாம் ஒரே குரலில் அவளுடைய தம்பியைத் தெரியும் என்று சொல்லியிருந்தன. தேடுபொறி அவனை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டது.

'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒல்லி சொல்லவில்லை. உடன் உட்கார்ந்து, அந்த அறுநூறையும் ஒவ்வொன்றாக விலக்கக் கற்றுக்கொடுத்தான். ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு திங்கட்கிழமை தம்பி மறுபடி தென்பட்டான்.

வியாழக்கிழமை காலை, அச்சகத்தில் இருக்கும்போதே அவளுக்குப் போன் வந்தது. தூரத்து ஊர் மருத்துவமனையில் பதிவேடு பார்க்கிறவராம்.

"புருவத்துல தழும்பு இருக்கிறவரு... உங்க தம்பிங்களா?"

"ஆமாங்க. எங்க இருக்கான்? நல்லா இருக்கானா?"

"நிமோனியாம்மா. மூணு மாசம் ஆச்சு. யாரும் வரலைன்னு நாங்களே அடக்கம் பண்ணிட்டோம். அவர் பை ஒண்ணு இங்க இருக்கு. பழசெல்லாம் இன்னைக்கு ஒதுக்கும்போது, மனசு கேக்காம இன்னொரு தடவை பேரைப் போட்டுப் பார்த்தேன்."

"இன்னொரு தடவையா?"

"அவர் உயிரோட இருந்தப்பவே தேடினேம்மா. பேரை மட்டும் சொல்லிட்டே இருந்தாரு. பதினோரு நாள் இருந்தாரு, நானும் நாலஞ்சு தடவை தேடியிருப்பேன். அப்ப ஒண்ணும் வரலை. நீங்க இப்பதான் ஆரம்பிச்சீங்களா?"

அவள் மாதங்களை விரல்விட்டு எண்ணினாள்; அந்த அறுநூறை விலக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. "ஆமாங்க" என்றாள்.

ஒல்லி எதிரில் நின்றுகொண்டிருந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்தவன், நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. பாதி பார்த்திருந்த தாளை எடுத்து முழுவதும் பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். அம்மா அழுது, அடங்கி, மறுபடி அழுதாள். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டாள்.

"எப்போடி போனான்?"

வழியெல்லாம் அவள் பயந்துகொண்டு வந்த கேள்வி அதுதான்.

"நம்மளை விட்டுப் போன கொஞ்ச நாள்லயேம்மா."

"நீ கம்ப்யூட்டர்ல போடுறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அடிப்பாவி மகளே. அப்ப இத்தனை நாளா கண்ணு போக எழுதினது, தெரியாதவங்க காலையெல்லாம் பிடிச்சது... எல்லாம் வீண்தானா?"

"வீண்தாம்மா."

அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, "என் தங்கமே, உனக்கு எதுக்கு இந்தத் தண்டனை," என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். விலகவும் முடியாமல், சாயவும் முடியாமல், அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.