கல்லில் விழுந்த தேதி

தான் குடியிருக்கும் வீடு தன் வீடா இல்லையா என்று மரியசெல்வத்துக்கு மூன்று வருஷமாகப் புரியவில்லை. கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனி மிஷினை முப்பது வருஷம் ஓட்டியவர். இரைச்சலைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். உயிலில் மட்டும் கோளாறு எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை.

வீடு அவர் மனைவி கிரேசியின் அப்பா கட்டியது. இவர் வீட்டோட மாப்பிள்ளை. பிள்ளை இல்லை. கிரேசி சாவதற்கு முன் உயில் எழுதினாள்: புருஷன் ஆயுள் உள்ளவரை குடியிருக்கலாம், அதன்பிறகு வீடு தங்கை மகள் மேரி ஷாலினிக்கு. நல்ல மனசோடு எழுதியதுதான். ஓடு ஒழுகினால் யார் மாற்றுவது என்று எழுத மறந்துவிட்டாள், மகராசி.

ஒழுகியது. படுக்கையை மூலைக்கு மூலை இழுத்துப் போட்டார். தண்ணீர் விடாமல் பின்னாலேயே வந்தது. சிதம்பரத்துக்குப் போன் போட்டால் ஷாலினியின் புருஷன் லூர்து பிரகாஷ் எடுத்தான். "குடியிருக்கறவங்கதான மாமா பாத்துக்கணும்?" என்றான். சரியென்று ஓட்டைப் பிரித்துத் தகர ஷீட் போட ஆள் பேசினால், "வீட்ட மாத்தக் கூடாது பெரியப்பா, வக்கீல் சொல்றாரு" என்றாள் ஷாலினி. இவரும் ஒரு வக்கீலைப் பார்த்தார். அவர் இரண்டுமே சரி என்றார்.

ஐப்பசி மழைக்கு நடுவில் ஒருநாள் இருவரும் வந்து டேப் பிடித்து வீட்டை அளந்துவிட்டுப் போனார்கள். மனுஷன் உசுரோடு உட்கார்ந்திருக்கும்போதே அளக்கிறார்களே என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஆனால் அளக்க அவர்களுக்கு உரிமை உண்டா இல்லையா என்றே தெரியாதபோது என்னவென்று சண்டை போடுவது?

கல்லறைத் திருநாள் வந்தது. மெழுகுவத்தியும் சாமந்திப்பூவுமாகக் கிரேசியின் கல்லறைக்குப் போனார். அவள் செத்தபோதே கல்லில் இரண்டு பேர் பெயரையும் வெட்டச் சொல்லி, தன் பெயருக்கு நேரே இறந்த தேதியை மட்டும் காலியாக விட்டிருந்தார். காலியிடத்தைக் காணோம். கிரேசி போன அதே மார்ச் பன்னிரண்டு அங்கேயும் இருந்தது. மரியசெல்வம் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மெழுகுவத்தியை யாருக்கு ஏற்றுவது என்று தெரியாமல் நின்றார். அப்புறம்தான் கோபம் வந்து, கல் வெட்டும் அடைக்கலராஜைத் தேடிப் பிடித்தார். அவன் இவரைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் போனான்.

"சிதம்பரத்து அம்மா போன்ல சொன்னாங்க சார். தேதிய நல்லா எடுப்பா வெட்டச் சொன்னாங்க. மேல ஏற்கெனவே இருந்திச்சி, கீழ காலியா இருந்திச்சி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். அவசரப்பட்டு நம்மைக் கொன்றுவிட்டாளா, சேச்சே, தூக்கி வளர்த்த பிள்ளை அப்படிச் செய்வாளா என்று வழியெல்லாம் மாறி மாறி நினைத்து, இறங்கும்போது இரண்டையும் நம்பினார்.

போனில் எடுத்திருந்த போட்டோவைப் பார்த்து ஷாலினி அலறிவிட்டாள். "மாதா சத்தியமா பெரியப்பா! பெரியம்மா தேதி மங்கிப் போச்சின்னுதான் சொன்னேன். இன்னிக்கே அழிக்கச் சொல்றேன்."

"கருங்கல்லு. அழியாதாம்."

அவள் அழுதாள். பாசமா பயமா என்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்கப் பார்க்கக் கோபமும் இறங்கிவிட்டது.

"இருக்கட்டும் வுடு. கல்லுப்படி நான் செத்து மூணு வருஷமாச்சி. வீடு உன்னுது. உன் வீடு ஒழுவுது, ஓட்ட மாத்து."



அடுத்த வாரம் ஷாலினி போன் செய்தாள். "நாளைக்கு ஓடு மாத்த ஆளு வராங்க பெரியப்பா. வீட்டுல இருப்பீங்கல்ல?"

"இருக்கேம்மா" என்றார். "இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. அழுகிறாளா, சிக்னல் போய்விட்டதா என்று தெரியாமல் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.