பொங்காத போத்தல்கள்

என் மனைவியின் கை ராசியில்லாத கை என்று ஊர் பேசியதற்குக் காரணம் நான். அந்தப் பேச்சு பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இருபது ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

செட்டிபாளையத்தில் அவளுடைய சீதன வீட்டில் இருந்தோம். நான் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியன். சாராயமும் கள்ளும் தொடுவதில்லை என்று சபை முன்னிலையில் கையெழுத்து வைத்தவன். எங்களைப் போன்ற வீடுகளில் விருந்தாளிகளுக்குக் கொடுப்பது வீட்டில் செய்த இஞ்சிப் பியர்தான். இடித்த இஞ்சி, சீனி, தேசிக்காய்ப் புளிச்சாறு, ஆறிய வெந்நீர். இவற்றோடு நுரை எழும்புவதற்குக் கொஞ்சம் கள்ளு. அந்தக் கொஞ்சத்தைச் சபையும் கண்டுகொள்வதில்லை. போத்தலில் அடைத்து மூன்று நாள் வைத்தால், தக்கையைக் கட்டிய நூல் தெறிக்கும்.

கள்ளு வாங்கிவருவது என் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் கடற்கரைப் பக்கத்துத் தென்னந்தோட்டத்துக்குப் போவேன்.

"வாத்தியார், ஒரு வாய் பாத்திட்டுப் போங்க," என்பான் கள்ளிறக்குபவன். "உங்கட பாதிரியாருக்கு இவ்வளவு தூரம் கண் தெரியாது."

சில வாரங்களில் மனதை அடக்கிக்கொண்டு போத்தலோடு திரும்பிவிடுவேன். சில வாரங்களில் ஒரு வாய் பல வாயாகி, வீட்டுக்கென்று வாங்கியதும் தீர்ந்துவிடும். அப்போது அவன் வேறொரு மண் முட்டியிலிருந்து என் போத்தலை நிரப்பித் தருவான். வெல்லம் காய்ச்சுவதற்காக, உள்ளே சுண்ணாம்பு பூசி இறக்கிய இனிப்புக் கள்ளு அது. புளிக்காது, எதையும் புளிக்க வைக்கவும் செய்யாது. அது எனக்குத் தெரியும். ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்குப் போவேன்.

வீட்டில் யாரும் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டே பானைக்குள் ஊற்றுவாள். இரண்டுக்கும் வித்தியாசம் அவளுக்கு எப்படித் தெரியும்?

"போன கிழமை தக்கை கூரை முகட்டில போய் அடிச்சிச்சு. இந்தக் கிழமை செத்துப்போய்க் கிடக்கு. நான் என்ன பிழை விட்டன்?" என்று கேட்பாள்.

"அளவு பிசகியிருக்கும்," என்பேன்.

அவள் இஞ்சியை மாற்றினாள். அடுத்த வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிப் பார்த்தாள். போத்தல்களுக்குள் மணல் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினாள். என் சனிக்கிழமைகளைப் பொறுத்தே பியர் பொங்கியது, அல்லது படுத்தது.

அவளுடைய தம்பியின் கலியாணத்துக்குத் தானே பியர் செய்து தருவதாக ஆசையோடு ஏற்றுக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமையும் நான் குடித்தேன்.

கலியாண வீட்டில் முதல் போத்தலைத் திறந்தார்கள். சத்தமில்லை. இரண்டாவதும் அப்படியே. சீனித் தண்ணீரில் இஞ்சி மணம், அவ்வளவுதான். மணப்பெண்ணின் தாய் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஏழு வருசமா வயித்திலயும் ஒண்டும் இல்ல, போத்தலிலயும் ஒண்டும் இல்ல. அந்தக் கை தொட்டா என்னதான் பொங்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "உனக்கு இது சரிவராது எண்டு நான் அப்பவே சொன்னன்."

அதற்குப் பிறகு அவள் பியர் செய்யவில்லை. அப்பத்துக்கு மாக்கரைக்கக்கூட அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். தம்பிக்கு மகள் பிறந்தபோது, குழந்தையை நீட்டியவர்களிடம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "என்ர கை வேணாம்," என்றாள். எங்களுக்குக் குழந்தை பிறக்கவேயில்லை.

நாட்டில் யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டில்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கலியாணத்துக்கும் அதானா?"

"ஓம்."

மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். பிறகு, "இஞ்சி வாங்கித்து வாங்க," என்றாள்.

இஞ்சியோடு இரண்டு வகைக் கள்ளும் கொண்டுவந்தேன். தன் வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். புளித்ததைப் பானையில் ஊற்றினாள். மூன்றாம் நாள் தக்கை முகட்டில் அடித்து அடுப்படியில் விழுந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்தாள்.

"பொங்கினது சரி. அண்டைக்குக் கலியாண வீட்டில சொன்ன மனிசி மண்ணுக்க போயித்தா. இனி ஆருக்குக் காட்ட?"

யேசு பிறந்த நத்தாரன்று அந்தப் போத்தல்களோடு அவளுடைய தம்பி வீட்டுக்குப் போனோம். எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னேன்.

தம்பி தொடையில் தட்டிச் சிரித்தான். "அட மச்சான், கையெழுத்து வைச்ச கையாலதான் முட்டியையும் பிடிச்சீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். இருபது ஆண்டுகள் நான் ஒளித்து வைத்தது ஒரு நிமிடப் பகிடியாகிவிட்டது. சிரிக்காதவள் அவனுடைய மகள் மட்டும்தான். அவள் பாயில் கிடந்த தன் கைக்குழந்தையைத் தூக்கி வந்து என் மனைவியின் மடியில் வைத்தாள்.

என் மனைவி குழந்தையை நெஞ்சோடு அணைக்கவில்லை. கைகள் விறைத்திருந்தன. குழந்தை சிணுங்கியது.

"எடு மகள்," என்றாள். "எனக்குப் பிள்ளை பிடிக்கத் தெரியா."

திரும்பி வரும்போது வெறும் போத்தல்கள் இருந்த கூடையை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. வீடு வரைக்கும் அவளே சுமந்து வந்தாள்.