ஒத்த ரூபாய் இல்லாத மெயில்

ஆடி பிறந்தாலே எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிடும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் கட்டிப் பாரிசுக்குப் போனவர். ஆடிதோறும் அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் பணம் அனுப்புவார். வீட்டைப் பாகம் பிரித்ததில் எங்களுக்குள் மனஸ்தாபம் வந்தபிறகு பணமும் நின்றது, பேச்சும் நின்றது. பணம் கிடக்கட்டும். "சாப்ட்டியாடா?" என்று கேட்கிற அந்தக் குரல்தான் எனக்கு வேண்டும்.

போன வருஷம் ஆடி வெள்ளியன்று போனில் ஒரு மெயில். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அண்ணன் பெயர் இருந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறாராம். பணம் வந்துசேர, கீழே அழுத்திக் கணக்கு நம்பரும் ரகசிய நம்பரும் போட வேண்டுமாம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன் பண்ணாத மனுஷன் மெயில் போடுவாரா? நல்லா பாருங்க," என்றாள் மனைவி. என் காதில் ஏறவில்லை.

நல்லது எது வந்தாலும் முதலில் அம்மன் காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். போனோடு தெருக்கோடிக் கோயிலுக்கு ஓடினேன். பூசாரி எனக்கும் அண்ணனுக்கும் சின்ன வயசுக் கூட்டாளி. அண்ணன் பணம் அனுப்பியதைச் சொன்னதும் போனுக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்.

"எவ்ளோய்யா அனுப்பிருக்கான்?"

"அம்பதாயிரம்."

"ஒத்த ரூபா எங்க? சாமி காசு சைபர்ல முடிஞ்சா உங்கண்ணனுக்குத் தூக்கம் வராதே!"

மெயிலை மறுபடி பார்த்தேன். அவர் எப்போதும் ஐயாயிரத்தொன்றுதான் அனுப்புவார்.

சேதராப்பட்டு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் சாயங்காலம் வந்து பார்த்தாள். அண்ணன் பெயரைத் தொட்டதும் உள்ளே அண்ணனுக்குச் சம்பந்தமே இல்லாத, கண்டபடி ஒரு மெயில் விலாசம்.

"காசு வாங்குறதுக்கு ரகசிய நம்பர் எதுக்குப்பா? திருட்டு மெயில். அழிச்சிடு."

அந்தப் பெயரை அழிக்க விரல் வரவில்லை. அவளே அழித்தாள்.

"பெரியப்பா பேர்ல இன்னும் யாருக்கெல்லாம் போயிருக்கோ. அவருகிட்ட சொல்லுப்பா."

போன் போட்டேன். எடுக்கவில்லை. குரலைப் பதிந்து அனுப்பினேன். "அண்ணே, உன் பேர்ல எவனோ திருட்டு மெயில் போடுறான். உஷாரா இரு." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்கவில்லை. "காசு வேணாம்ண்ணே. பொங்கல் நானே வெச்சிடுறேன். ஒரு வார்த்தை பேசு."

அவர் கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. பதில் இன்னும் வரவில்லை. இந்த ஆடியிலும் பொங்கல் வைத்தேன். அர்ச்சனைக்குப் பூசாரி பெயர் கேட்டபோது, அண்ணன் பெயரைத்தான் முதலில் சொன்னேன்.