ஏரியில் மூன்று முழுக்கு

படகில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: நான், என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட சென்னைக்காரன், எங்கள் இருவருக்கும் மூத்தவரான பவானிக்காரர். அவரை நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம். ஃபோனுக்குள் அவருடைய அம்மாவும் தம்பியும், பவானி கூடுதுறையில் கருமாதி செய்துவைக்கும் ஐயரும் இருந்தார்கள். இல்லாதவர் அண்ணனின் அப்பா ஒருவர்தான். அவருக்காகத்தான் இரண்டு நாட்டிலும் எல்லோரும் தண்ணீருக்கு வந்திருந்தோம்.

அப்பா இறந்த செய்தி வந்தபோது அண்ணனால் ஊருக்குப் போக முடியவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. போனால் திரும்பி வர அப்பாயின்ட்மென்ட் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தகப்பனுக்குத் தலைமகன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான். அண்ணன் அதை இங்கே அமெரிக்காவில், பார்சிப்பனி ஆபீசில் ஒரு சின்ன மீட்டிங் ரூமுக்குள் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வேலை செய்தார் என்று சென்னைக்காரன்தான் எனக்குச் சொன்னான். கருமாதி நாளிலாவது, தம்பி ஆற்றில் முழுகும் அதே நேரத்தில் தானும் ஒரு தண்ணீரில் முழுக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதைத் தவிர அவர் எதையும் கேட்கவில்லை.

அங்கே விடியும் நேரம் இங்கே இருட்டிவிடும். அதனால்தான் ராத்திரி.

ஆபீசிலிருந்து அரை மணி நேர டிரைவில், ஒரு ஏரிக்கரையில் எங்கள் வாடகை வீடு. கோடையில் வருகிறவர்களுக்காகக் கட்டியது. குளிர்காலத்தில் ஆள் வராததால் எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது. வீட்டை ஒட்டிய மரத்தளமான டெக்குக்குக் கீழே வீட்டுக்காரர் விட்டுப்போன படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கனூ என்பார்கள். வாழைப்பூ மடலைப் போலக் குறுகலாக, இரண்டு முனையும் கூராக இருக்கும். அதில் ஏறி உட்காரவே பழக்கம் வேண்டும்.

கரையிலேயே முழுகலாம் என்று நான் சொன்னேன். கரையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதற்கும் கீழே போன வருஷத்து இலைகள் அழுகிச் சேறாகக் கிடந்தன.

"தல முங்கணும் தம்பி. எருமையாட்டம் சேத்துல பொரண்டு எந்திரிச்சா அது முழுக்கா?" என்றார் அண்ணன்.

"ஷவர்ல நின்னுக்கலாம் தலைவரே. அதுவும் ஓடுற தண்ணிதான," என்றான் சென்னைக்காரன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னேன்ணா," என்றான். அன்று மத்தியானம் அவன்தான் பாத்ரூமில் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ட்ரிம்மரை ஓட்டி, அப்புறம் ரேசரால் வழித்து மொட்டையடித்து விட்டிருந்தான். அழகாகவே அடித்திருந்தான். ஒரு கீறல் இல்லை.

மார்ச் கடைசி. ஏரியில் பனிக்கட்டி உருகி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஆனால் அன்று பகலில் வெயில் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அரை டிராயரோடு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். அண்ணன் சாயங்காலம் கரையில் குந்தி, தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார். நாள் முழுக்க வெயில் காய்ந்த, முழங்கால் ஆழத் தண்ணீர் அது.

"சில்லுன்னுதான் இருக்குது. ராத்திரிக்குச் சரியாயிரும். மார்கழி மாசத்துல எங்க கெணத்துல எறங்கிப் பாத்திருக்கியா? வெளிய பல்லு தந்தியடிக்கும், தண்ணிக்குள்ள வெதுவெதுன்னு இருக்கும். வெளிய குளிரக் குளிரத் தண்ணி சூடு."

நான் மறுக்கவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. பவானியில் மட்டுமில்லை, எங்கள் ராமநாதபுரத்துக் கண்மாயிலும் விடிகாலைத் தண்ணீர் சுடும். நான் நீந்தத் தெரியாமல் ஓரத்தில் நின்றே அதை அனுபவித்திருக்கிறேன். அண்ணனோ ஆடி மாசத்து வெள்ளத்தில் காவிரியில் அக்கரைக்கு நீந்திப் போய் வந்தவர்.

படகின் உள்பக்கத்தில் பாதி உரிந்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கரண்ட் பில்லிலிருந்து கோர்ட் நோட்டீஸ் வரை அச்சடித்து வந்த எதையும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். எழுத்தைக் கண்டால் வாசித்துவிடுகிற பழக்கம் அப்படி வந்தது. ஃபோன் வெளிச்சத்தில் வாசித்தேன். வெளியே அடிக்கும் வெயிலைப் பார்த்து உடுத்தாதே, தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்து என்றும், மிதவை அங்கி இல்லாமல் ஏறாதே என்றும் போட்டிருந்தது.

"மருந்து டப்பாவுக்குள்ள வர்ற காயிதத்தக்கூட விடமாட்டான் இவன். மச்சி, நீ ஒண்ணு போட்டுக்கோ, உன் மனசுக்கு," என்றான் சென்னைக்காரன். இருந்த அங்கிகள் இரண்டு. எலி கடித்து ஓரம் பிய்ந்தவை. ஒன்றை நான் மாட்டிக்கொண்டேன். இன்னொன்றை அவன் குஷன் மாதிரி போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். அண்ணன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, தோளில் ஒரு துண்டோடு நடுவில் குந்தினார். ஃபோனை ஜிப் கவரில் போட்டு, கவர் உப்பியிருக்க மூடி, முன்பலகையில் சாய்த்து வைத்தோம்.

கரையை விட்டு நகர்ந்தபோது தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அந்த ஊர்த் தவளை நம்முடையதைப் போலக் கொரகொரக்காது. ஆயிரம் சின்ன விசில் ஒன்றாக ஊதுகிற மாதிரி இருக்கும். எங்கள் துடுப்பு இரண்டு தரம் தண்ணீரில் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அதற்கப்புறம் துடுப்பிலிருந்து சொட்டும் சத்தம்தான். கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்து வீடுகளின் விளக்குகள் கருப்புக்குள் ஊசி குத்தினாற்போல நின்றன.

நடுவில் எங்கோ நிறுத்தினோம். ஃபோனில் விடிந்துகொண்டிருந்தது. கூடுதுறைப் படிகள் மஞ்சளாகத் தெரிந்தன. அந்த வெளிச்சம் அண்ணனின் மொட்டைத் தலையிலும் நெஞ்சிலும் விழுந்தது. அவர் ஒருவர் மட்டும் காலை வெயிலில் உட்கார்ந்திருப்பது போலவும் நாங்கள் இருவரும் இரவில் இருப்பது போலவும் இருந்தது. அங்கே பிண்டம் வைத்தார்கள். உடனே காக்கை கரைந்தது. ஒன்றல்ல, நாலைந்து. அந்த ஏரியின் இருட்டில், தண்ணீருக்கு மேல், காக்கைச் சத்தம். சென்னைக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"காக்கா வந்திருச்சு கண்ணு," என்றார் அம்மா. "உங்கப்பன் வந்தாச்சு."

"தலைமகன் தயாரா? அங்கயும் தண்ணிதானே?" என்றார் ஐயர்.

"தயாருங் சாமி."

படகு கவிழாமலிருக்க நாங்கள் இருவரும் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டோம். அண்ணன் விளிம்பைப் பிடித்தபடி இந்தப் பக்கம் இறங்கினார். கழுத்தளவு போனதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஐயர், "ஒண்ணு," என்றார். அண்ணன் முழுகினார்.

எழுந்து வந்தபோது வாய் திறந்திருந்தது. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. அதன்மேல் இன்னொரு மூச்சு, அதன்மேல் இன்னொன்று. வற்றிப்போன போர்வெல் காற்றை இழுக்கிற சத்தம். விளிம்பைப் பற்றிய கைகள் உதறியதில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஃபோன் பலகையிலிருந்து சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. கவருக்குள் காற்று இருந்ததால் முழுகவில்லை. வெளிச்சம் மேலே பார்த்தபடி மிதந்தது, எங்களைவிட்டு மெதுவாக விலகியது.

"ரெண்டு," என்றது ஃபோன்.

அண்ணன் தலை மறுபடி உள்ளே போனது. அந்த இரண்டாவது முழுக்கை அவர் போட்டாரா, தண்ணீர் போட்டதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

"ஏறுங்கண்ணா! மேல ஏறுங்க!" என்று கத்தினான் சென்னைக்காரன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஏரிக்கு மேலே போய்க்கொண்டிருந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். அங்கிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "போதும் கண்ணு, வா. வந்துரு." காக்கைகள் கரைந்தன. அம்மா அதைத் தம்பியிடம் சொன்னாரோ, இவரிடம் சொன்னாரோ. அண்ணன் விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டு அதை நோக்கி நீந்தத் தொடங்கினார்.

காவிரியைக் கடந்தவர் நீந்துகிற நீச்சலாக அது இல்லை. கை நீளவில்லை. ஒவ்வொரு வீச்சும் முன்னதைவிடச் சின்னதாக ஆனது. பிறகு கை தண்ணீருக்கு மேலேயே வரவில்லை. தலை மட்டும் நிமிர்ந்து மூக்கு மேலே இருந்தது. நாங்கள் துடுப்பை எப்படியெல்லாமோ போட்டுக் கிட்டே போனோம். சென்னைக்காரன் தான் உட்கார்ந்திருந்த அங்கியை எறிந்தான். அது சரியாக அவர் நெஞ்சருகே விழுந்தது. அவர் கை அதன்மேல் பட்டது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. எப்படிப் பிடிப்பது என்பதையே கை மறந்துவிட்டதுபோல அதன்மேல் கிடந்தது.

"புடிங்கண்ணே! அண்ணே, புடிங்க!"

"நல்லாத்தான் இருக்கேன்," என்றார், மிகத் தெளிவாக.

நான் எட்டித் தலையைப் பிடித்தேன். பிடிக்க முடி இல்லை. கை வழுக்கிக்கொண்டு போனது. அவர் மூன்றாவது முறை உள்ளே போனார்.

தோள் வரை கையை விட்டேன். அது குளிராகத் தெரியவில்லை. கதவிடுக்கில் கையை வைத்து யாரோ அழுத்துகிற மாதிரி இருந்தது. அக்குள் கிடைத்தது. இழுத்தேன். அவர் வந்தார், படகும் அவரோடு வந்தது; தண்ணீர் உள்ளே குபுக்கென்று புகுந்தது. "விட்றாத, இழுக்காத! நாமளும் போயிடுவோம்!" என்றான் சென்னைக்காரன். விடவும் முடியாது, ஏற்றவும் முடியாது. அப்போது அவர் தோளிலிருந்த துண்டு இன்னும் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அதை அக்குளுக்கடியில் விட்டுச் சுற்றி, படகின் குறுக்குக் கட்டையில் முடிந்தேன். முகம் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டேன். சென்னைக்காரன் தனியாகத் துடுப்புப் போட்டான், அழுதுகொண்டே, தெரிந்த கெட்ட வார்த்தையை எல்லாம் ஏரிக்குச் சொல்லிக்கொண்டே.

எங்கள் வீட்டு விளக்கு எது என்று தெரியவில்லை. கிட்டத்தில் தெரிந்த விளக்குக்குப் போனோம். அங்கே தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரப்பலகைத் துறையில், சத்தம் கேட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி டார்ச்சோடு நின்றார். போகும் வழியில் அண்ணனுக்கு நடுக்கம் நின்றிருந்தது. தேறிவிட்டார் என்று நினைத்தேன். அந்தப் பெண்மணி டார்ச்சை அவர் உதட்டில் அடித்துப் பார்த்துவிட்டு, அவரை நிற்க வைக்காதே, கையைக் காலைத் தேய்க்காதே, அசையாமல் படுக்கவை என்று அதட்டினார். போர்வைகளைக் கொண்டுவந்து போட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவரும் அவர்தான். நாங்கள் இருவரும் அண்ணனின் இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்துக்கொண்டோம். மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தது போலிருந்தது. இடையிடையே ஒரு மூச்சு. அடுத்தது வருமா என்று இருவரும் காத்துக்கிடந்தோம்.

அப்போதும் ஏரியின் நடுவில் அந்த வெளிச்சம் மிதந்துகொண்டிருந்தது. காக்கை கரைவதும் அம்மாவின் குரலும் கேட்டன. "கண்ணு... கண்ணு, தெரியலியே... இருட்டா இருக்குதே..." பிறகு அது அணைந்தது. தவளைகள் மறுபடி விசிலடிக்க ஆரம்பித்தன.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து பேசினார். விரல் நுனிகளில் மட்டும் உணர்ச்சி வரவில்லை. வர நாளாகும் என்றார்கள். நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்: "ஏண்ணே படகை விட்டீங்க?"

ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அந்தப் பக்கந்தான் தம்பி விடிஞ்சிருந்துச்சு."

சென்னைக்காரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அடுத்த வாரமே அண்ணன் ஊருக்கு டிக்கெட் போட்டார். போகும் டிக்கெட் மட்டும். விசா என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை. சாவுச் செலவை அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம் என்பதால், கிளம்பும் முந்தைய நாள் தம்பி கூப்பிட்டான். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"உன்ற பக்கம் என்னண்ணா ஆச்சு? சொல்லு, கணக்குல சேத்துக்கலாம்."

"ஒண்ணும் பெருசா இல்லடா. ஒரு துண்டுதான்."

ஏரிக்குள் போன தன் ஃபோனை எங்கள் கணக்கில்கூடச் சேர்க்க அவர் விடவில்லை. ஆம்புலன்ஸ், இன்சூரன்ஸ் போக ஆஸ்பத்திரிக்குக் கட்டியது, அந்த ஒருவழி டிக்கெட், மூன்றையும் நானும் சென்னைக்காரனும் சமையல்மேடையில் உட்கார்ந்து கூட்டினோம். ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் டாலர்.