ஜெபம் முடிந்தும் எடுக்காத முக்காடு

என் தலையில் இடது பக்கம் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. சபையில் முக்காட்டோடு பார்க்கிற உங்களுக்கு அது தெரியாது. அந்தக் கோட்டை வைத்துக் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவள்.

என் பெயர் எஸ்தர். பேரணாம்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில், வடக்கே எல்லையில் இருக்கிறார். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பட்டாளத்துக் குடும்பங்கள்தான். எல்லையில் நிற்கிறவரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பெண்களின் எழுதாத சட்டம். துப்பாக்கி பிடித்திருக்கிற கை; மனசு கலங்கினால் என்ன ஆகும்? பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும். போனில், "புள்ள நல்லா வெளாடிட்டு இருக்கு" என்போம்.

மாமனார் உயிரோடு இருக்கும்போதே மனையைப் பிரித்து எழுதிக் கொடுத்தார். ரோட்டுப் பக்கம் எங்களுக்கு வந்தது. அதில் வீடு கட்டினோம். ரோடு அகலமாகி விலை ஏறியதும், என் வீட்டுக்காரரின் அண்ணன் ஜெயராஜ், அந்தப் பத்திரமே செல்லாது என்று கோர்ட்டில் வழக்குப் போட்டார். "தம்பி பார்டர்ல கெடக்கறான். அவன் வந்து நிக்கறதுக்குள்ள எனக்குத் தீர்ப்பு வந்துடும்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம்.

தீர்ப்பு வரைக்கும்கூட அவருக்குப் பொறுமை இல்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சுவரில் கடப்பாறை விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஜெயராஜும் இரண்டு ஆட்களும் காம்பவுண்டு சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னா மாமா பண்றீங்க? கேஸ் நடக்குது இல்ல?"

"இன்னாடி கேஸு? புருஷன் இல்லாத வீட்ல ஒனக்கு வாய் ஜாஸ்தியா?"

பொறுத்துப் போகிறவள் நான் இல்லை. கடப்பாறையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கொண்டையைப் பிடித்துத் தரையில் மோதினார். வயிற்றில் உதைத்தார். அப்படியும் எழுந்தேன். அப்போதுதான் கடப்பாறை என் தலையில் இறங்கியது. ரத்தம் கண்ணில் வழிந்தது. என் மகள் பெனிட்டா வாசலில் நின்று அலறினாள். ஐந்தாவது படிக்கிற அந்தக் குழந்தையைப் பார்த்து, "ஒங்கப்பன் பொணமா வந்தாலும் இந்த வீடு எனக்குத்தான்" என்றார். ஓர் ஆள் உள்ளே புகுந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் உடைத்தான்.

எதிர்வீட்டு ஷமீம் அக்கா அடுப்பிலிருந்த டீயைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "யா அல்லா, பொம்பளய கொல்றானுங்களே!" என்று கத்திக்கொண்டே, வெளியே வந்தவன் முதுகில் அப்படியே ஊற்றிவிட்டார். அவன் துள்ளிக்கொண்டு ஓடினான். மற்றவர்களும் போனார்கள். அக்காதான் என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட வைத்தார்.

அங்கே நான் என்ன சொன்னேன் தெரியுமா? படியில் விழுந்தேன் என்று சொன்னேன். போலீஸுக்குப் போனால் ஊர் பேசும், பட்டாளம் வரைக்கும் செய்தி போய்விடும் என்று பயம். "ஒனக்கு மூளை இருக்கா?" என்று ஷமீம் அக்கா திட்டினார். நானோ ஜெபித்தேன்: "ஆண்டவரே, என் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. அந்த ஜெயராஜ் கை முறிஞ்சி போகணும்." இரண்டும் என் ஜெபம்தான். இரண்டுக்கும் ஆண்டவர் சொன்ன பதில், "முடியாது" என்பதுதான்.

சிக்னல் கிடைக்கிற நாளில் போனில் முகம் பார்த்துக் குடும்ப ஜெபம் பண்ணுவோம். ஆமென் சொன்னதும் முக்காட்டை எடுத்துவிட்டு ஊர்க்கதை பேசுவது என் வழக்கம். அந்த வாரம் நான் எடுக்கவில்லை.

"எஸ்தரு, ஜெபம் முடிஞ்சிச்சு. முக்காட எடு."

"குளுருதுங்க."

"இந்த வெயில்ல பேர்ணாம்பட்ல குளுருதா? எடு."

நான் எடுப்பதற்குள் பெனிட்டா உடைந்துவிட்டாள். "அப்பா, பெரியப்பா அம்மா மண்டய ஒடச்சிட்டாரு." முக்காட்டை எடுத்தேன். மொட்டையடித்த பக்கத்தையும் பேண்டேஜையும் அவர் பார்த்தார். "அவன் சாவு என் கையிலதான்" என்றார். போன் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அவர் கோபம் எனக்குத் தெரியும். சொன்னால் செய்கிறவர். ஓடிவந்து அண்ணனை வெட்டினால் தூக்கு. வராவிட்டாலும் கையில் துப்பாக்கி இருக்கிறது, தன்னையே சுட்டுக்கொண்டால்? தரையில் விழுந்து கதறினேன். "வீடு போகட்டும் ஆண்டவரே. என் மண்டை போகட்டும். அவர் கையில ரத்தம் மட்டும் படவேணாம்!" அதுவே அந்த வாரத்தில் நான் பண்ணின உண்மையான ஜெபம்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பதறி எடுத்ததில் டிபன் பாக்ஸ் கவிழ்ந்தது.

"அம்மா, ஒங்க வீட்டுக்காரர் யூனிட்லருந்து சுபேதார் பேசறேன். பயப்படாதீங்க. துப்பாக்கிய நேத்தே என்கிட்ட குடுத்துட்டான்."

"நீங்க வாங்கிட்டீங்களா ஐயா?"

"நான் எங்க வாங்கனேன்? அவனே வந்தான். 'இது இன்னிக்கு என் கையில இருக்கக்கூடாது சாஹிப்'னு நீட்டிட்டு, பொட்டச்சி மாதிரி அழுதான்மா. நீங்க மொதல்லயே சொல்லியிருக்கணும். இதுக்கெல்லாம் எங்ககிட்ட வழி இருக்கு."

வழி இருந்தது! படை அதிகாரி கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் கடிதம் எழுதினார். போலீஸே வீடு தேடி வந்து புகார் வாங்கியது. வேலூரில் படைவீரர் நல அலுவலகத்தில் காசு வாங்காத வக்கீலைக் காட்டினார்கள். வைத்தியச் செலவுக்கும் உதவினார்கள். எல்லையில் இருக்கிறவரால் வர முடியாது என்று அதிகாரி சான்று கொடுத்தால், வழக்கை நிறுத்தி வைக்கச் சட்டமே இருக்கிறதாம். இத்தனை பட்டாளத்துக் குடும்பம் இருக்கிற ஊரில் எங்களில் ஒருத்திக்கும் அது தெரியாது. ஜட்ஜ் வழக்கை நிறுத்தி வைத்தார்.

என் வீட்டுக்காரருக்கு லீவும் கொடுத்தார்கள். அவர் வந்து இறங்கிய அன்றே, அதுவரை போலீஸ் கையில் சிக்காமல் இருந்த ஜெயராஜ் தோல் சீவுகிற கத்தியோடு வாசலுக்கு வந்தார். "வாடா, பட்டாளத்தான்!" கத்தியை வீசினார். அது இவர் முன்கையைக் கிழித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, "இயேசப்பா, இவர் கை!" என்றேன். இவர் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். கத்தி கீழே விழுந்தது. கீழே தள்ளி மேலே உட்கார்ந்தார். ஓங்கின முஷ்டி ஓங்கினபடியே நின்றது. போலீஸ் வரும்வரை ஓர் அடிகூட அடிக்கவில்லை.

திண்ணமாகச் சொல்கிறேன், அது இவர் குணம் இல்லை. அந்தக் கையைப் பிடித்தவர் வேறு ஒருவர்.

ஜெயராஜ் இப்போது ஜாமீனில் இருக்கிறார். அவருக்காகவும் ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. இவர் மறுபடி எல்லைக்குப் போய்விட்டார். இப்போது ஆமென் சொன்னதும் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "முக்காட எடு, மூஞ்ச பாக்கறேன்" என்பதுதான்.

சகோதரிகளே, உங்களில் யாராவது நல்லா இருக்கோம் என்று போனில் பொய் சொல்லிக்கொண்டு இருந்தால், முதலில் ஆண்டவரிடம் அழுங்கள். அவர் உதவிக்கு ஆட்களை வைத்திருக்கிறார். ஆமென் சொல்லிவிட்டு, முக்காட்டை எடுத்துக் காயத்தைக் காட்டுங்கள்.